நான் விட்டுவிட்ட ‘ஆம்’

சென்ற மாதம் ஆய்வு மாணவர்கள் கூடிய ஓர் அரங்கில் ஊடக அறம் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. இணையத்தில் சொந்தப் பொறுப்பில் எழுதும் பதிவர்களும் இருதரப்புக் கருத்துகளையும் சமமாகத் தர வேண்டும். வெளியிடும் முன் ஓர் இதழாசிரியரின் கண்கொண்டு தம் எழுத்தைத் தாமே அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் வாதம். அரங்கில் பலரும் தலையசைத்தனர். நான் மறுத்துப் பேச எழுந்தேன். மூன்று நிமிடங்களே தரப்பட்டன, குழறிவிட்டு அமர்ந்தேன். அன்று சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன். நீளும், பொறுத்தருள்க.

அக்கட்டுரை இரண்டு கோரிக்கைகளை ஒன்றாகக் கட்டிவிட்டது என்பதே என் முதல் மறுப்பு. சமநிலை வேறு, நிதானம் வேறு. சமநிலையைப் பதிவர் எவருக்கும் கடன்பட்டவர் அல்லர் என்று கருதுகிறேன். நிதானத்துக்குக் கடன்பட்டவர்தாம். ஆனால் அந்த நிதானத்தை யாரைக் குறித்து எழுதும்போது காட்ட வேண்டும் என்பதில்தான் நம் பேச்சு பெரும்பாலும் தடம் புரள்கிறது. இதை எனக்குக் கற்பித்தது நூலகம் அன்று. என் சொந்தத் தவறு.

2020 மார்ச்சில் விடுதிகள் மூடப்பட்டபோது நான் முதுகலை மாணவன். அந்தமானுக்கு, போர்ட் பிளேயரின் டெய்ரி ஃபார்மில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். (2024 செப்டம்பரில் நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. எங்கள் தெருவில் அப்பெயரை இயல்பாகச் சொல்பவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.) சென்னையிலிருந்து வரும் கடலடி வடம் அப்போது செயல்படத் தொடங்கவில்லை, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடத்தை அவ்வாண்டு ஆகஸ்ட் 10 அன்றுதான் தொடங்கிவைத்தார்கள். செயற்கைக்கோள் வழி வந்த இணையத்தில் ஒரு காணொளி திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். எழுத்துக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. ஆகவே எழுதினேன். தீவின் நிலவரம் பற்றி நாள்தோறும் முகநூலில் ஒரு பதிவு. பெருநிலத்தில் இருந்த நண்பர்கள் ஆவலோடு படித்தார்கள், பகிர்ந்தார்கள். அந்த ஆவல் தலைக்கு ஏறிற்று என்பதை மறைக்கப்போவதில்லை.

ஏப்ரல் மாதத்து மாலை ஒன்றில் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று அம்மாவிடம், “மேல சந்துல அந்த வீட்டுக்கு வந்திருக்காம்” என்றார். அரை மணி நேரத்தில் என் பதிவு வெளிவந்தது. “எங்கள் பகுதியில் ஒரு குடும்பத்துக்குத் தொற்று உறுதியாகியுள்ளது. மக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும்.” பெயர் எழுதவில்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு என்று எழுதினேன். டெய்ரி ஃபார்மில் அதற்குமேல் ஒரு முகவரி தேவையில்லை.

அவ்வீட்டில் யாருக்கும் தொற்று இல்லை. பெருநிலத்திலிருந்து கடைசி விமானங்களில் ஒன்றில் திரும்பிய மகனால் முன்னெச்சரிக்கையாக அவர்களை வீட்டுத் தனிமையில் வைத்திருந்தார்கள், அவ்வளவே. ஆனால் மளிகைக் கடையில் அவர்களுக்குப் பொருள் தர மறுத்தார்கள். தனிமைக் காலம் முடிந்த பிறகும் அந்த அம்மையாரைக் கண்டால் குழாயடியில் நின்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். என் பதிவு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். வேலியோரப் பேச்சே போதுமாக இருந்திருக்கும். ஆனால் என் பதிவின் திரைப்பிடிப்பு ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி எங்கள் அண்ணனின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. ‘உறுதியாகியுள்ளது’ என்ற சொல் அதில் பளிச்சென்று இருந்தது.

அதே ஏப்ரல் மாத இறுதியில் இன்னொருவரும் தனிமைப்படுத்தல் குறித்து ஒரு வாக்கியம் எழுதினார். சுபைர் அகமது தனித்து இயங்கிய செய்தியாளர். ‘தி லைட் ஆஃப் அந்தமான்ஸ்’ இதழின் ஆசிரியராக இருந்தவர். தொற்றுற்றவரோடு தொலைபேசியில் பேசியதற்காகக் குடும்பங்களை வீட்டுத் தனிமையில் வைப்பது ஏன் என்று ட்விட்டரில் நிர்வாகத்தை நோக்கி வினவினார். உள்ளூர் நாளிதழில் வந்த ஒரு செய்தியை ஒட்டி எழுந்த கேள்வி அது. 27 ஏப்ரல் அன்று பம்பூ ஃப்ளாட்டில் கைது செய்யப்பட்டார். பொய்த் தகவலால் மக்களைத் தூண்டினார் என்றது காவல் துறை. தண்டனைச் சட்டத்தின் 188, 505 முதலிய பிரிவுகளோடு பேரிடர் மேலாண்மைச் சட்டமும் சேர்க்கப்பட்டது. மறுநாள் பிணை கிடைத்தது.

அவருடையது வினா. அதிகாரத்தை நோக்கியது, சொந்தப் பெயரில் எழுதியது. தவறு இருந்தால் ஒரே வரியில் மறுக்கும் வசதி எதிர்த்தரப்புக்கு இருந்தது. தீவு நிர்வாகமே ‘தி டெய்லி டெலிகிராம்ஸ்’ என்ற நாளிதழை நடத்துகிறது. என்னுடையது உறுதிக்கூற்று. மறுத்து எழுத ஓர் இடமும் இல்லாத குடும்பத்தைப் பற்றியது. அவரைத் தேடிக் காவலர் வந்தனர். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ‘பொறுப்பாக எழுதுங்கள்’ என்ற அறிவுரையை எங்கே கேட்டாலும் இந்த இரு வாக்கியங்களும் எனக்கு நினைவில் எழுகின்றன.

சமநிலையை முதலில் எடுத்துக்கொள்வோம். இக்கோரிக்கைக்கு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1949 முதல் 1987 வரை ஒலி, ஒளிபரப்பு நிலையங்களுக்கு ‘நியாயக் கோட்பாடு’ என்ற விதி இருந்தது: பொதுப் பிரச்சினைகளைப் பேசவும் வேண்டும், மாற்றுக் கருத்துகளுக்கு இடம் தரவும் வேண்டும். 1969இல் ரெட் லயன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. காரணம் அலைவரிசைகளின் பற்றாக்குறை. சிலருக்கே கிடைக்கும் உரிமத்தை வைத்திருப்பவர் பிறருக்கும் இடம் தரக் கடமைப்பட்டவர் என்பது தருக்கம். ஐந்தே ஆண்டுகளில், 1974இல், விமர்சிக்கப்பட்ட வேட்பாளருக்கு மறுப்பெழுத நாளிதழில் இடம் தந்தாக வேண்டும் என்ற ஃபுளோரிடா மாநிலச் சட்டத்தை அதே நீதிமன்றம் டொர்னிலோ வழக்கில் நிராகரித்தது. ஆக, சமநிலை எழுத்துக்கே உரிய பொதுவான அறமாக வரவில்லை. இடம் அரிதாக இருந்தபோது அந்த இடத்தைப் பிடித்திருந்தவர் மீது விழுந்த வரியாக வந்தது. நம் உச்ச நீதிமன்றமும் 1995இல் வங்கக் கிரிக்கெட் சங்க வழக்கில் அலைவரிசைகளைப் பொதுச் சொத்து என்றபோது ஏறத்தாழ இதே தளத்தில்தான் நின்றது.

முகநூலில் எழுதும் ஆய்வு மாணவர் எந்த அலைவரிசையையும் பிடித்து வைத்திருக்கவில்லை. அவரை மறுக்க விரும்புகிறவருக்கு அதே முகநூல் திறந்திருக்கிறது. அவருடைய வாசகர் அவர் கருத்தை அறியவே வருகிறார். அவர் ஒரு சார்பினர் என்பதை அறிந்தே வருகிறார். அச்சார்பை மறைக்காமல் வைத்தால் போதும்.

இங்கே ஒரு விலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். பல இலட்சம் பேர் பின்தொடரும் காணொளியாளர் ஒருவர் அன்றைய நிலையத்தைப் போன்றவர் அல்லரா என்று அரங்கில் ஒரு தோழி கேட்டார். எண்ணிக்கை எனக்குப் பெரிதாகப் படவில்லை. வாசகருக்கு வேறு வழி இருக்கிறதா என்பதே கேள்வி. கேம்ப்பெல் பேயில் கப்பல் வரும் நாளை ஒரே ஒரு வாட்ஸ்அப் குழு வழியாகத்தான் மக்கள் அறிகிறார்கள் என்றால், இருநூறு பேரே உள்ள அக்குழுவை நடத்துகிறவருக்குச் சமநிலைக் கடமை உண்டு. இலட்சம் பேரை வைத்திருந்தும் நூறு போட்டியாளர்களுக்கு நடுவே பேசுகிறவருக்கு அவ்வளவு இல்லை.

கேம்ப்பெல் பே என்றதும் பெரிய நிக்கோபார் நினைவுக்கு வருகிறது. இருதரப்பு என்ற கணக்கு எங்கே உடைகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் அடங்கிய பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது, 130.75 சதுர கிலோமீட்டர் காடு அதற்காக மாற்றப்படுகிறது. முன்பு தந்த ஒப்புதலை அதே மாதத்தில் சிறிய, பெரிய நிக்கோபார் பழங்குடி மன்றம் கடிதம் எழுதித் திரும்பப் பெற்றது. இப்போது ‘சமநிலையோடு’ எழுதுக என்றால் நல்ல மாணவர் என்ன செய்வார்? அரசு இவ்வாறு சொல்கிறது, மன்றம் இவ்வாறு சொல்கிறது என்று இரு பத்திகள் வைப்பார். அக்காட்டின் உட்பகுதியில் வாழும் ஷோம்பென் மக்கள், 2011 கணக்கெடுப்பில் 229 பேர், எந்தப் பத்தியில் வருவார்கள்? அவர்கள் கடிதம் எழுதுவதில்லை. அவர்கள் மொழியை நன்கறிந்த வெளியார் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கூட இருப்பார்களா என்பது ஐயமே. மொழியியல் படித்த எனக்கு இது உறுத்துகிறது. மேற்கோள் காட்டத்தக்க வாக்கியங்களை உருவாக்கும் தரப்புகளையே சமநிலை எண்ணுகிறது. இரு பத்திகளும் முடிந்ததும் எல்லாரையும் கேட்டாயிற்று என்ற நிறைவு வாசகருக்கு வந்துவிடுகிறது. சாய்வாக எழுதப்பட்ட கட்டுரையாவது அந்த நிறைவைத் தராது.

இனி நிதானம். 2025 மார்ச் 29 அன்று மிகைலோ பொல்யாகோவ் என்ற அமெரிக்க இளைஞர் காற்றடைத்த படகில் வட சென்டினல் தீவுக்குச் சென்று இறங்கினார். ஒரு தேங்காயையும் ஒரு குளிர்பானக் கலனையும் கரையில் வைத்தார். அனைத்தையும் படம் பிடித்தார். யூடியூபில் காணொளிகள் வெளியிட்டு வந்தவர். இரு நாள் கழித்துப் போர்ட் பிளேயரில் கைதானார். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அத்தீவை நெருங்குவதையே தடை செய்கிறது. சளிக்குக்கூட எதிர்ப்பாற்றல் பெறாத மக்கள் என்பது பலரும் அறிந்தது. இங்கே கேட்க வேண்டியது சமநிலையை அன்று. அந்தப் படம் எடுக்கப்படவே கூடாது. எடுத்தால் வெளியிடக் கூடாது. அதில் இருப்பவர்களால் ‘எங்களைக் காட்டாதீர்’ என்று நம் மொழியில் சொல்ல முடியாது. அம்பால் பலமுறை சொல்லிவிட்டார்கள்.

ஆசிரியர் இல்லாததால் நேர்ந்த குற்றம் என்று இதைக் காட்டி அரங்கில் ஒருவர் என்னை மடக்கப் பார்த்தார். அவருக்கு 2012 ஜனவரியை நினைவூட்டினேன். ஜாரவா பெண்களை உணவுக்காக ஆடவைத்த காணொளியை அப்போது வெளியிட்டது இலண்டனின் ‘தி அப்சர்வர்’. ஆசிரியர் குழு, சட்ட ஆலோசகர், நூற்றாண்டுகளின் மரபு என எல்லாம் உள்ள ஏடு. கொடுமையை அம்பலப்படுத்தவே வெளியிட்டார்கள். அதனால் நாடாளுமன்றம் வரை பேச்செழுந்தது, நன்மை விளைந்தது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஆடவைக்கப்பட்ட அப்பெண்களின் உருவம் உலகெங்கும் போயிற்று. அதைப் பார்க்க நாமும் போனோம். நான் பள்ளியில் இருந்தேன். ஒரு நண்பனின் வீட்டுக் கணினியில் பார்த்தேன். அந்தமான் பெருவழிச்சாலையில் காருக்குள் அமர்ந்து பார்த்தவர்களுக்கும் எனக்கும் இருந்த வேறுபாட்டை இன்று எண்ணினால் அது அப்படி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

எனவே ஆசிரியர் என்ற பதவி இருப்பதும் இல்லாததும் இதைத் தீர்ப்பதில்லை. எழுதப்படுகிறவரால் திருப்பிப் பேச முடியுமா என்று பார்ப்பேன். முடியும் என்றால் எழுதுகிறவர் கடுமையாகவே எழுதலாம். துணைநிலை ஆளுநரின் அலுவலகத்துக்கு என் நிதானம் தேவைப்படாது. முடியாது என்றால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் மேல் சந்துக் குடும்பம் அந்த இரண்டாவது வகை.

சொல்லை நிறுத்துவது என்றால் என்ன? இங்கே என் துறைக்கு வருகிறேன். அக்கா சொன்னது “வந்திருக்காம்”. நான் எழுதியது “உறுதியாகியுள்ளது”. இடையில் விழுந்துபோனது ஓர் ‘ஆம்’.

கேட்டறிந்ததைக் கண்டறிந்ததிலிருந்து பிரித்துக் காட்டத் தமிழுக்கு ஓர் ஒட்டு உண்டு. ‘வந்தான்’ என்றால் பொறுப்பு என்னுடையது. ‘வந்தானாம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்டேன். இவ்வேறுபாட்டை வினைமுற்றோடு ஒட்டியே காட்டும் வசதி எல்லா மொழிகளுக்கும் இல்லை. எங்கள் தீவின் பொதுமொழியான இந்தியில் ‘சுனா ஹை’ என்று தனியே ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். சேர்க்க மறந்தால் கேள்விப்பட்டது அப்படியே உண்மையாகிவிடும். சிறு வயதில் இதை நேரில் கண்டிருக்கிறேன். அம்மா தமிழில் ‘ஆம்’ போட்டுச் சொன்ன செய்தி, வங்காளி அடுத்த வீட்டாருக்கு நாங்கள் இந்தியில் சொல்லும்போது ஒரு படி உறுதியடைந்துவிடும். அங்கிருந்து அது தெலுங்கு வீட்டுக்குப் போகும்போது சாட்சிகளும் முளைத்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், பேச்சில் இவ்வளவு கவனமாக உள்ள தமிழ், எழுத்துக்கு வந்ததும் இந்த ஒட்டைக் கழற்றி வைத்துவிடுகிறது. உரைநடையில் ‘ஆம்’ இழுக்காகக் கருதப்படுகிறது. கதைசொல்லும் பாட்டியின் நடை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதற்கு ஏளனப் பொருளும் உண்டு. ‘பெரிய அறிஞராம்’ என்றால் நான் நம்பவில்லை என்று பொருள். ஆகவே நாளிதழ்கள் ‘கூறப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’, ‘வட்டாரங்கள் தெரிவித்தன’ என்று எழுதுகின்றன. இவற்றை ‘ஆம்’ என்பதன் கௌரவமான வடிவங்களாகக் கொள்வது தவறு. ‘வந்திருக்காம்’ என்று அக்கா சொன்னபோது, யார் சொன்னார் என்று அம்மா உடனே கேட்டார். அந்த ஒட்டு அக்கேள்வியை அழைக்கிறது. ‘கூறப்படுகிறது’ என்பதோ கேள்வி எழும் இடத்தைப் பூசி மெழுகிவிடுகிறது. எவரும் சொல்லாமலே ஒன்று சொல்லப்பட்டுவிடுகிறது.

நான் இதையும் தாண்டிப் போனேன். ‘உறுதியாகியுள்ளது’ என்பது சுகாதாரத் துறை அறிக்கையின் வினைமுற்று. மருத்துவரின் ஆய்வறிக்கையைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் ஆளத்தக்கது. என்னிடம் இருந்தது வேலியோரப் பேச்சு. என் நடையை உயர்த்தும் ஆசையில் என் சான்றையும் உயர்த்திவிட்டேன். மொழியியல் முதுகலை மாணவன் செய்த பிழை இது என்பது இன்னும் கூசவைக்கிறது. செந்தமிழில் எழுதப் பழகும் நம்மில் பலருக்கும் இச்சறுக்கல் இயல்பாக வரும் என்று அஞ்சுகிறேன். நம் நடை இயல்பிலேயே உறுதிக்கூற்றின் நடை.

சட்டம் இதைச் சரிசெய்யுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பத்தி போதும். 2012இல் புதுச்சேரியைச் சேர்ந்த தொழில்முனைவோர் ஒருவர் ஓர் அரசியல் குடும்பத்து வாரிசைப் பற்றி எழுதிய ட்வீட்டுக்காகக் கைது செய்யப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்தவர் மிகச் சிலரே. அதற்குப் பயன்பட்ட 66அ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையச் செய்தி வெளியீட்டாளர்களுக்கு அறநெறி விதித்தொகுப்பு ஒன்றைக் கட்டாயமாக்கின. அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அக்கூறுகளை நிறுத்திவைத்தது. இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் இவ்விதிகளை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். இவ்வளவு சட்டத்திலும் மேல் சந்துக் குடும்பத்தைக் காக்க ஒரு வரி இருந்ததாகத் தெரியவில்லை. சுபைர் அகமதுவைப் பிடிக்கும் வரி இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் திருத்தம். அதையும் நான் செய்யவில்லை. உண்மை தெரிந்த அன்றிரவே பதிவை அழித்தேன். அழித்தது நிதானம் என்று அப்போது நினைத்தேன். படித்தவர்கள் படித்ததை மறக்கவில்லை, திரைப்பிடிப்பு நிற்கவில்லை. தவறு என்று அறிய ஒரு வழி இருந்தது, அதையும் அடைத்துவிட்டேன். அப்பதிவைப் பகிர்ந்தவர்களில் சிலர் இன்றும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். இப்போது இதைப் படித்துக்கொண்டும் இருக்கலாம். அக்குடும்பத்தின் மகனை ஊருக்குப் போகும்போதெல்லாம் தண்ணீர்த் தொட்டியருகே பார்க்கிறேன். என் ஆய்வு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்பார். எழுதியது நான் என்று அவருக்குத் தெரியுமா என்பதை நான் கேட்டதில்லை. சென்ற முறை விடுமுறையில் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் தண்ணீர் வரும் நாளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

ஆகவே, ஐந்தாண்டு தாமதமாக: 2020 ஏப்ரலில் டெய்ரி ஃபார்மில் ஒரு குடும்பத்துக்குத் தொற்று உறுதியாகியுள்ளதாக இதே பக்கத்தில் நான் எழுதியது தவறு. அவ்வீட்டில் யாருக்கும் தொற்று இருக்கவில்லை. நான் எந்த அறிக்கையையும் பார்க்கவில்லை, யாரிடமும் விசாரிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா ‘வந்திருக்காம்’ என்று சொன்னது மட்டுமே.